நொச்சி அணி, மதியம் ஒரு மணி

எங்கள் நாட்டின் நள்ளிரவு
சிங்கப்பூரில் மதியம் ஒரு மணி.
அப்போதுதான் கணக்குகள் புதுப்பிக்கப்படும்,
வாக்குகள் எண்ணப்படும்.
ஒரு நொடி முன்னால் உள்ளே குதித்தவனுக்கு
அரியணை.
ஒரு நொடி பிந்தியவனுக்கு
வெளியேற்ற ஆணை.

ஆகவே பன்னிரண்டு ஐம்பதுக்கு
தஞ்சோங் பகாரில், பதினான்காம் மாடியில்
சரக்குப் பட்டியலை மூடிவிட்டு
பேன்ட்ரிக்குப் போகிறேன்.
மீன் உருண்டை மீ ஆறிக்கொண்டிருக்க
நான் நீர்க்கரையின் தற்காப்பு அமைச்சர்.
மக்கள்தொகை முந்நூற்றுப் பன்னிரண்டு.
நாட்டை நிறுவியவர் திடீரென வருவதை நிறுத்திவிட்டார்.
செத்தாரா, பிள்ளை பெற்றாரா, தெரியாது.
அன்றிலிருந்து கோட்டைக்குக் கதவில்லை.

அணிக்கு நொச்சி என்று பெயர் வைத்தது நான்.
மதில் காப்பவர்கள் சூடுவது.
எப்படி உச்சரிப்பது என்று பெல்ஃபாஸ்ட்காரன் கேட்டான்.
இருமுவதுபோல் என்றேன்.
பொய்யில்லை. சளி பிடித்தால்
தேக்காவில் ஒரு கட்டு வாங்கித்தான்
ஆவி பிடிக்கிறோம்.

தெக்கோங் சேற்றில் தவழ்ந்து தம்பி கற்றதை
நான் ஒரு விரிதாளில் கற்றேன்.
யார் எப்போது தூங்குகிறார்கள்.
யார் எதற்கெடுத்தாலும் சரி என்கிறார்கள்.
யாரை விடிகாலையில் எழுப்பினால்
திட்டிக்கொண்டாவது வருவார்கள்.
விதி இரண்டு, நானே எழுதியது:
உன் ஊரைச் சொல்லாதே.
ஆக்லாந்து என்று பதிந்திருக்கிறேன் நான்.

கருங்கொடிக்குள் எங்கள் ஆள் ஒருவர் உண்டு.
பெயர் சொல்லமாட்டேன், கவிதையிலும்.
ஜூலையில் அவர் அனுப்பிய துண்டுச்செய்தி:
உங்களில் ஒருவன் இங்கே எழுதுகிறான்.
செவ்வாய்க்கிழமை தாமதத்துக்கு
இப்படிச் சொன்னான்:
'ரயில் நின்றுவிட்டது. கால்டிகாட் தாண்டி, சுரங்கத்தில்.
நாற்பது நிமிடம்.'

அந்த ரயிலில் நான் இருந்தேன்.
விடுப்பு எடுத்து, பீஷானில் ஏறி,
ஹாலந்து வில்லேஜில் பல் பிடுங்கப் போனேன்.
திறக்கப்படாத புக்கிட் பிரவுன் நிலையத்தின் பக்கத்தில்
வண்டி நின்றது. தலைக்குமேல் கல்லறைகள்.
குளிரூட்டி நின்றது. சிக்னலும் போனது.
ஒரு மணி ஆனபோது
சே என்றேன்.
பெட்டியின் மறுகோடியில் இன்னொரு சே.
யாருக்கோ வேலை நேர்காணல் என்று நினைத்தேன்.

எங்களிடம் அன்று பிந்தி வந்தவர்கள் இருவர்.
ஒருத்தி நான்.
மற்றது கமாண்டர் பீட்ரூட், டொராண்டோ,
இரண்டு வருடத்தில் ஒருநாள் தவறாத ஆள்.
மன்னிக்கவும், பனிப்புயல், மின்சாரம் போய்விட்டது
என்று எழுதியிருந்தார்.

ஜூலையில்.

பருவங்கள் இல்லாத ஊரில் வளர்ந்தவன்தான்
அப்படிப் பொய் சொல்வான்.
நானும் அதை நம்பியிருந்தேன்,
கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள் என்று
பதில் வேறு போட்டேன்.

சோதிக்க வேண்டுமே.
ஐந்து பேருக்கு ஐந்து பொய் நேரம் கொடுத்தேன்.
பீட்ரூட்டுக்குச் சொன்ன நேரத்தில்
பதினேழு கப்பல்கள் வந்து
வெறும் கரையில் நின்றன.

வெளியேற்று என்றது அமைச்சரவை.
வேண்டாம் என்றேன்.
தெரிந்த ஒற்றன் ஒரு வாசல்.
அடைத்தால் சன்னல் தேடுவார்கள்.
இது உத்திதான். அவ்வளவுதான்.
அறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது.

'சிங்கப்பூர்' என்ற சொல் அறிக்கையில் இல்லை.

நேற்று பன்னிரண்டு ஐம்பத்தாறு.
துறைமுகப் பாரந்தூக்கிகள் மறையும்படி மழை.
ஹுய் ஷான் சன்னலை மூட ஓடினாள்.
எல்லோரும் தயாரா என்று கேட்டேன்.

தயார், என்றார் பீட்ரூட்.
இங்கே அமைதியான இரவு,
நட்சத்திரம்கூடத் தெரிகிறது.

இடி விழுந்தது.
திரையில் அவருடைய மூன்று புள்ளிகள்
துள்ளிக்கொண்டிருந்தவை
ஒரு கணம் நின்றன.
என் விரலும்தான்.

இங்கே மாலை வெயில், என்று எழுதினேன்.